ரோஸ்லின் அக்காவின் நான்காம் நம்பர் மெஷின்

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் வெங்கட்டுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து விண்டோஸ் போடுவது. தலைவலிக்கும் அதுதான், கால்வலிக்கும் அதுதான். தன் மேஜைக்குப் பின்னால் மூன்று சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவரை அவன் கையில் பார்த்தவர்கள் யாருமில்லை.

ஆபீஸ் ஹைதராபாத்தின் அல்வால் பகுதியில், ஒரு மிட்டாய்க்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் அதைக் காதில் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்புவோம். 2003இல் இதற்கும் ஐ.டி. வேலை என்றுதான் பெயர். எங்கள் ஊர் திருநெல்வேலியில் என் அம்மா என்னை இன்ஜினியர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பக்கத்து நாற்காலி ரோஸ்லின் அக்காவுடையது. லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயது. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் போயிற்று. வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது அக்காவுடையது மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிகிற சனிக்கிழமை அவரை நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் அவர் தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார்.

அக்காவின் காது அபாரமான காது. வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற டாக்டரின் சொல்லும் அதற்குத் தப்பாது. சேர்ந்த புதிதில் ஒரு டாக்டர் நடுவில் நர்ஸிடம் காபி கேட்டதை, தேவையில்லையே என்று விட்டுவிட்டார். மேனேஜர் பக்தவத்சலம் எங்கள் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"உன்னை யாரும்மா யோசிக்கச் சொன்னது? காதுல விழுறதை அடி. இருமினா இருமினார்னு அடி. மூளையெல்லாம் வீட்ல வெச்சுட்டு வா."

அக்கா, ஆமாம் என்பதற்கு அந்த ஊரில் சொல்கிறபடி "ஹவ் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆயுத பூஜை வந்தது. மற்ற மெஷின்களுக்கு வெளியே பொட்டு வைத்த பக்தவத்சலம், புதிதாக வாங்கிய நான்காம் நம்பருக்கு மட்டும் தனி மரியாதை செய்தார். "பெட்டிக்குப் பொட்டு வெச்சு என்ன புண்ணியம்? உள்ள இருக்கிற மூளைக்கு வைக்கணும்" என்றார். வெங்கட் பெரிய சாதனை போலப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். சந்தனம், குங்குமம் எல்லாம் உள்ளே போயின. கடைசியில் கைநிறைய அட்சதையை எடுத்து, பெண் மாப்பிள்ளை மேல் போடுவதுபோல மெஷினுக்குள் போட்டார். வெங்கட் பொரியைத் தின்றுகொண்டே மூடியை மாட்டினான்.

அது அக்காவின் மெஷின். மறுவாரம் அது பதினொரு தடவை நின்றுபோனது. பாதி அடித்த கோப்புகள் போயின, ஒரு ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் தாமதமானது. வெங்கட் வைரஸ் என்று சொல்லி மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டான். அவன் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனால் நாள் முழுக்க ஓடும். அக்காவிடம் திரும்பி வந்தால் மறுநாளே நின்றுவிடும்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆபரேட்டர் கைதான் சரியில்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அக்கா சண்டை போடவில்லை. சர்ச் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் நேரம் குறித்துவைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னிடம் அதைக் காட்டினார்.

"பாரு சுமதி. காலைல போட்டா இருபது நிமிஷம் ஓடுது. நின்னவுடனே திரும்பப் போட்டா அஞ்சு நிமிஷம்தான். சாப்பிட்டு வந்து போட்டா மறுபடியும் இருபது. வைரஸ் என்னா, லஞ்சுக்குப் போய் வருதா? இது சூடும்மா."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் மெஷினில் காதை வைத்தார், பிறகு தன்னுடையதில்.

"உன்னதுல ரெண்டு சத்தம் இருக்கு, பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணு. என்னதுல பெருசு மட்டும்தான்."

"வெங்கட்டைக் கூப்பிடட்டுமாக்கா?"

"நக்கோ, வேணாம். உன் நெயில் கட்டரைக் கொடு."

கட்டரின் முனையால் திருகைக் கழற்றி மூடியைத் திறந்தோம். உள்ளே சின்ன ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தது. அதன் இறக்கைக்கும் ஓரச் சட்டத்துக்கும் நடுவில் மஞ்சள் தடவிய ஓர் அரிசி மாட்டியிருந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது குலுங்கி விலகும், திரும்பத் தூக்கி வரும்போது மறுபடி உருண்டு வந்து சிக்கும். அக்கா நகத்தால் அதை எடுத்ததும் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சாயங்காலம் வரை மெஷின் நிற்கவே இல்லை.

மறுநாள், அதே சனிக்கிழமை, அரிசியை ஒரு தாளில் வைத்து மேனேஜரிடம் கொண்டுபோனார். அவர் அதைப் பார்த்தார், குப்பைக்கூடையில் தட்டினார்.

"கம்பெனி மெஷினை யாரைக் கேட்டுத் திறந்தே?"

வெட்கம் என்று ஒன்று அந்த மனுஷனுக்கு இருந்ததேயில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தாமதத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, அக்காவை வெளியே தள்ளுகிற கடிதத்தை, வேகமாக அடிப்பவர் என்பதற்காக அக்காவையே அடிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியை ஆட்டியபடி, எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே சொல்லிக்கொண்டு போனார். நான் கோப்பு அடுக்குகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"தாமதத்துக்கு ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம், முற்றுப்புள்ளி. அந்த அரிசியைப் பற்றி ஒன்றும் போடாதே, மெஷினுக்குள்ளே போட்டது நான்தான் என்று தெரிந்தால் மானம் போய்விடும். அடுத்த பாரா. அவரை இன்றே நீக்குகிறோம், முற்றுப்புள்ளி. யார் தலையிலாவது போட வேண்டும் இல்லையா, வெங்கட் என் மச்சினன் பையன், அவன் தலையிலா போட முடியும்?"

அக்காவின் விரல்கள் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

தாளை நீட்டி, "படிச்சிப் பார்த்துட்டுப் போடுங்க சார்" என்றார்.

"நான் சொன்னதைத்தானே அடிச்சே?"

"ஹவ் சார். ஒரு எழுத்து விடலை."

"அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்று கையெழுத்துப் போட்டார்.

ஃபேக்ஸ் அனுப்புவது என் வேலை. அனுப்புமுன் படித்துப் பார்த்தேன். அரிசி, மானம், மச்சினன் பையன் எல்லாம் வரிசையாக இருந்தன. அக்காவைப் பார்த்தேன்.

"அனுப்பு சுமதி. மூளையை வீட்ல வெச்சுட்டுத்தானே வரச் சொன்னாரு."

அனுப்பினேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனி பெயருக்கு நாலு வரி வந்திருந்தது. இவ்வளவு துல்லியமாக டைப் அடிப்பவரை நீக்கக் கூடாது, எங்கள் கோப்புகளை இனி அவர் மட்டுமே பார்க்க வேண்டும், உங்கள் மேனேஜரை மெஷின்களிடமிருந்து தள்ளியே வையுங்கள். பக்தவத்சலத்தின் முகத்தைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. ஆள் அனுப்பி அக்காவை வரவழைத்தார். நிரந்தர உத்தரவை நீட்டியபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் கையெழுத்துப் போடும்மா."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"படிச்சிப் பார்த்துட்டுப் போடுறேன் சார்."

மூன்று பக்கம். முற்றுப்புள்ளி விடாமல் படித்தார். பக்தவத்சலம் கையில் பேனாவோடு நின்றுகொண்டே இருந்தார்.