கொலாரெஷ் மணலில் விளைந்த முந்திரிகை

கருவாட்டு மணத்தோடுதான் அந்த வைன் எங்கள் வீட்டுக்கு வரும். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து போர்த்துக்கலிலிருந்து திரும்பும் மதாம் பெரெய்ரா, உப்பிட்டு உலர்த்திய பெரிய மீனையும் தன் அண்ணன் செய்த வைன் போத்தலையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு வருவார். போத்தலைச் சுற்றிய பழைய பத்திரிகைத் தாளில் அந்த மீன் மணம் ஏறி, அவர் எங்கள் கதவைத் தட்டுமுன்பே படிக்கட்டு முழுவதும் பரவிவிடும். அம்மா அடுப்படியில் நின்றபடியே, "மதாம் வந்திட்டா போலை" என்பார்.

மதாம் பெரெய்ரா எங்கள் கட்டடத்தின் 'கார்டியன்', வாசலைக் காத்துக் கட்டடத்தைப் பராமரிப்பவர். பாரிஸில், லா ஷப்பலில், ரூ பெர்தொனேயிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம் அது. நாங்கள் ஐந்தாம் மாடி. அவர் கீழே, வாசலோடு ஒட்டிய 'லோஜ்' என்ற ஒற்றை அறையில் இருந்தார். அப்பா ஓர் உணவகத்தில் 'பிளோஞ்', அதாவது கோப்பை கழுவும் வேலை. அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். பள்ளி விட்டு வரும் என்னை, அம்மா வரும்வரை லோஜில் இருத்தி, பாணும் சொக்கிலேற்றும் தந்து பார்த்துக்கொண்டவர் மதாம்தான். அதற்காக ஒரு சதம் வாங்கியதில்லை.

முதல் போத்தல் வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா குடிக்காதவர். அம்மாவோ, அடுப்படித் தட்டிலே முருகன் படம் இருக்கும் வீட்டுக்குள் அப்படியொரு சாமான் வரவே கூடாது என்றவர். கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் வாங்கிவிட்டு, அப்பா அதைக் கீழே நிலவறைக்கு, எங்கள் பங்குக்கு இருந்த சின்னக் 'காவ்'க்குக் கொண்டுபோய், வெறும் பாஸ்மதி அரிசிச் சாக்குக்குள் படுக்கவைத்தார். குடிக்கிற மாமாமார் நகருக்கு வெளியே சார்செலில் இருந்தார்கள்தான். ஆனால் மனம் வைத்துத் தந்ததை எடுத்து இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது அப்பாவுக்குச் சரிவரவில்லை.

இரண்டு கிழமை கழித்து மதாம் எங்களைப் படிக்கட்டில் மறித்து, வைன் எப்படி என்று கேட்டார். அந்த வீட்டில் பிரெஞ்சு எனக்குத்தான் ஒழுங்காக வரும். கடிதம், 'பப்பியே' என்கிற அரசாங்கத் தாள்கள், மருத்துவர், எல்லாவற்றுக்கும் வாய் நான்தான். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டு, "எங்களுக்கு உது பழக்கமில்லை எண்டு சொல்லு பிள்ளை. ஆனா அவவின்ரை மனம் நோகாமல் சொல்லு" என்றார்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய காரியமா அது? பழக்கமில்லை என்று சொன்னால் மனம் நோகும். நோகாமல் சொல்ல வேண்டுமென்றால் பழக்கமில்லை என்று சொல்ல முடியாது. மதாமின் முகத்தைப் பார்த்தேன். மிக நல்ல வைன், அப்பா மீன் கறியோடு இரண்டு கிளாஸ் குடித்தார், என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தில் அன்று வந்த சந்தோசத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, சொல்லுற மாதிரிச் சொன்னா ஆக்கள் விளங்கிக் கொள்ளுவினம்" என்று என்னை மெச்சினார்.

பிறகு ஒவ்வொரு வருடமும் இதுதான் கதை. பொய்யும் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. கணவாய்க் கறிக்கு இன்னும் பொருத்தம் என்றேன், அம்மாவும் அரைக் கிளாஸ் குடித்தார் என்றேன், சார்செல் மாமா இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லப்போக, அடுத்த வருடம் இரண்டு போத்தல் வந்தது. "குடிக்கிறேல்லை எண்டு சொன்ன பிறகும் தாறா பாருங்கோ, எவ்வளவு நல்ல மனிசி" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். நான் தலையைக் குனிந்து வீட்டுப்பாடம் செய்வேன்.

ஆனால் அந்த வைன் விளைந்த மண்ணைப் பற்றி நான் மொழிபெயர்த்ததெல்லாம் சத்தியம். அப்பா இலங்கையில், நீர்வேலியில் 'முந்திரிகை' செய்தவர். திராட்சை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, 'முந்திரிகை'தான். செம்மண் தறையில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, கொடியை மேலே ஏற்றி, கிணற்றிலிருந்து நாள் தவறாமல் இறைத்து வளர்த்த தோட்டத்தை விட்டுவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லோஜில் மதாம் தன் ஊர்ப் படங்களை மேசையில் பரப்புவார், அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிவார், நான் நடுவில் நிற்பேன்.

லிஸ்பனுக்கு மேற்கே, அத்திலாந்திக் கரையில் இருக்கிற கொலாரெஷ் அவருடைய ஊர். படத்தில் பார்த்தால் அது தோட்டமே இல்லை, கடற்கரை. வெறும் மணலில் கொடிகள் பூசணி மாதிரி நிலத்தோடு நிலமாகப் படர்ந்து கிடந்தன. "என்ன இது, பந்தல் போட ஆளில்லையோ?" என்று அப்பா கேட்டார். பந்தல் போட்டால் கடற்காற்று ஒரே நாளில் இலையைக் கருக்கிவிடும் என்றார் மதாம். காற்றில் உப்பு இருக்கிறது. அதனால் கொடியைப் படுக்கவிட்டு, உலர்ந்த நாணலை நெருக்கி நட்டு வேலி அடைத்து, அந்த மறைவுக்குள்தான் வளர்ப்பார்களாம். காய் முற்றுகிற காலத்தில், சுடுமணல் பட்டு வெந்துவிடாதபடி சின்னச் சின்ன நாணல் துண்டுகளை முட்டுக்கொடுத்துக் குலைகளை ஒரு சாண் தூக்கிவிடுவார்களாம். தண்ணீர் விடுவதேயில்லை என்றதும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இறைப்பில்லாமல் முந்திரிகையோ? பகிடி விடுறாவோ, கேள்."

பகிடி இல்லை. மணலுக்கு அடியில் களிமண் இருக்கிறது, வேர் அதுவரை போய்விட்டால் பிறகு யாரும் தண்ணீர் காட்ட வேண்டாம். அதற்காக ஆளை மூடும் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டித்தான் கொடி நடுவார்கள். மணல் சரிந்து மூடினாலும் வெளியே இழுத்தெடுக்கும் வரை மூச்சுவிடக் கொஞ்சம் காற்று இருக்கட்டும் என்று, அந்தக் காலத்தில் கிடங்கு வெட்டுகிறவர்கள் தலையில் எங்கள் கடகம் மாதிரி ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்குவார்களாம். மதாமின் தகப்பன் அப்படி இறங்கியவர்.

இன்னொன்றையும் மதாம் பெருமையோடு சொல்வார். முன்பொரு காலத்தில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி வந்து பிரான்ஸ் நாட்டுக் கொடிகளையெல்லாம் அழித்தபோது, மணலில் அந்தப் பூச்சியால் உயிர்வாழ முடியாததால் கொலாரெஷ் கொடிகள் தப்பிவிட்டன. "இந்தப் பிரெஞ்சுக்காரர் வைனைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாது" என்பார். அங்கே விளைவது ரமிஷ்கு என்ற சின்னக் கறுப்புப் பழம். தோல் தடிப்பு. அண்ணன் அர்மின்தோ தனி ஆளாக ஒரு துண்டுக் காணியில் அதைச் செய்து, வீட்டிலேயே வைனும் வடித்தார்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, ஒரு பங்குனி மாதம், மதாம் ஐந்து மாடியும் மூச்சிரைக்க ஏறிவந்து, அண்ணன் ஈஸ்டருக்குப் பாரிஸ் வருகிறார் என்றார். வாழ்நாளில் முதல் தடவை. ஈஃபல் கோபுரம் பார்க்க அல்ல. தன் வைனை மீன் கறியோடு குடிக்கிற இலங்கைக் குடும்பத்தோடு ஒருநாள் மேசையில் இருந்து சாப்பிட வேண்டுமாம். நான் சொன்ன சொற்களையெல்லாம் மதாம் வருடா வருடம் தொலைபேசியில் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அவர் அவற்றை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன்: அண்ணன் வருகிறார், சாப்பிட வருகிறார். அம்மா உடனே என்ன மீன் வாங்குவது என்று தொடங்கிவிட்டார். எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. அவர் வந்து உட்கார்ந்து கிளாஸைத் தூக்கும் நொடியில் நான் இரண்டு பக்கத்துக்கும் கள்ளி ஆகிவிடுவேன். அவருக்குக் காய்ச்சல், வருத்தம் ஏதாவது வரட்டும், ரயில் வராமல் போகட்டும் என்று முருகன் படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன்.

ஈஸ்டருக்கு ஒரு கிழமை முன்னால் அர்மின்தோ இறந்துபோனார். காலையில் எழும்பவில்லை, அவ்வளவுதான். மதாம் வந்து வாசலில் நின்று சொன்னபோது எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. ஒரு கணம்தான். ஆனால் வந்தது. அதன் பிறகு நான் பட்ட வெட்கத்தை எழுத எனக்கு இன்றைக்கும் தமிழும் காணாது, பிரெஞ்சும் காணாது.

மதாம் ஊருக்குப் போய் அடக்கம் முடித்துத் திரும்பிய மறுநாள், எட்டாம் நாள். எங்கள் ஊரில் எட்டாம் நாள் இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைப்பார்கள். அது சொந்தக்காரர் செய்வது. அம்மா யாரையும் கேட்கவில்லை. "சாப்பிட வாறன் எண்டு சொன்ன மனிசன் சாப்பிடாமல் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, விளைமீன் வாங்கிவந்து குழம்பு வைத்தார், கணவாய் கறி வைத்தார், அடுப்படி நிலத்தில் வாழையிலை விரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, காவுக்குப் போய் ஒரு போத்தல் எடுத்து வாங்கோ என்றார். அப்பா திகைத்து நின்றார். "குடிக்கிற ஆளுக்குக் குடிக்கிறதைத்தானே வைக்க வேணும்" என்றார் அம்மா.

என்னை அனுப்பி மதாமையும் கூப்பிட்டார்கள். அவர் கறுப்புச் சட்டையோடு வந்து, இலையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமலே விளங்கிக்கொண்டு சிலுவை போட்டார். அப்பா சாக்கில் மேலே கிடந்ததை, கடைசியாக வந்ததை, எடுத்து வந்து இரண்டு கையாலும் மதாமிடம் நீட்டினார். மதாம் தக்கையை இழுக்கிற திருகாணியைக் கேட்டார்.

ஏழு வருடமாக வைன் குடிக்கிற வீட்டில் அது இல்லை. மதாம் என்னைப் பார்த்தார். அப்பாவோ ஒன்றும் அறியாமல், சிரித்துக்கொண்டே, "எல்லாம் பத்திரமா வைச்சிருக்கிறன், ஒண்டையும் உடைக்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

சொன்னேன். அழுதுகொண்டு, முதலில் பிரெஞ்சில் மதாமுக்கு, பிறகு தமிழில் அவர்கள் இரண்டு பேருக்கும், எட்டு வயதிலிருந்து சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். மதாம் போத்தலைப் பார்த்தபடியே, "என் அண்ணன் தன் வைனைப் பற்றிக் கேட்ட நல்ல வார்த்தை எல்லாம் நீ சொன்னதுதான்" என்றார். அது ஏச்சா, நன்றியா, எனக்கு இன்றுவரை தெரியாது. எழும்பிக் கீழே போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் கையில் திருகாணி இருந்தது.

அவரே திறந்து ஊற்றினார். அம்மா கிளாஸை இலைக்கு முன்னால் வைத்து, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டார். படைத்ததைப் பிறகு வீட்டார் பகிர்ந்துகொள்ள வேண்டும், வீசக் கூடாது. மதாம் கிளாஸை எடுத்துப் பாதி குடித்துவிட்டு மீதியை அம்மாவிடம் நீட்டினார். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஒரு மிடறு விழுங்கினார். மதாம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: எப்படி?

அம்மா வாயைக் கோணிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கயர்க்குது பிள்ளை. வாழைக்காய் கடிச்ச மாதிரி. உள்ளதை உள்ளபடி சொல்லு."

உள்ளபடி சொன்னேன். ஊருக்குப் போய்வந்த பிறகு முதல் தடவையாக மதாம் சிரித்தார், சிரிப்போடு கண்ணையும் துடைத்தார். பத்து வருடமாவது கிடக்காவிட்டால் அது அப்படித்தான் இருக்கும் என்று அண்ணனும் சொல்வாராம், யாருக்கும் பொறுமை இல்லையாம். பிறகு மூன்று பேரும் நானும் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம்.

மதாம் ஓய்வுபெற்று ஊருக்குப் போனபோது அப்பா அரிசிச் சாக்கை அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டார். அந்த லோஜில் இப்போது பொதிகள் வைக்கும் இரும்புப் பெட்டிகள் நிற்கின்றன. வாசலில் இலக்கம் அழுத்தினால் கதவு திறக்கிறது. அம்மாவும் அப்பாவும் சார்செலில் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கொலாரெஷ் போனேன். கடற்காற்றில் உப்பு இருக்கத்தான் செய்தது, சில காணிகளில் நாணல் வேலியும் இருந்தது. அர்மின்தோவின் துண்டை மட்டும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள், நீச்சல் தடாகத்தோடு ஒரு வெள்ளை வீடு நிற்கிறது. அவர் கடைசியாக வடித்த வைனைப் பற்றி யாரோ ஒருவர் உண்மை சொல்லியிருக்கிறார் என்றால், அது அந்த ஒரு மிடறு தவிர ஒருநாளும் குடிக்காத என் அம்மா.