தீவுக்குப் போன தோடு

எழுபதுகளில், புயல் வெள்ளத்தில் மூழ்கிய தீவுக்காக எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அவசர நிதி திரட்டினோம். பத்திரமாக இருக்கட்டும் என்று பணம் இருந்த பிஸ்கட் டின்னை யாருடைய கொழுந்துக் கூடையிலோ ஒளித்துவைத்த அறிவாளி நான். திரும்பி வந்தால் கூடையைக் காணோம். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து லோரிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். லைன் வீட்டுச் சனமே சிரித்தது.

கூடை மாரியாயியுடையது. நிறுவைக் கொட்டகையில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தங்கை அந்தத் தீவில் வாழ்க்கைப்பட்டவள். தகவலே இல்லை.

"காதுத் தோட்டக் கழட்டி உள்ள போட்டுட்டேண்ணே. தங்கச்சிக்குப் போய்ச் சேருமா?"

"அதைப் போட்டுக்கிட்டு அவளே வந்து நிப்பா லா, பாரு."

நிதியை அனுப்பும் முன்பே தந்தி வந்துவிட்டது. தங்கை உயிரோடு இல்லை. தோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"வேற யாரு தங்கச்சியாச்சும் இருப்பால்லண்ணே, அனுப்பிடுங்க."

லோரிக்குப் பின்னால் ஓடிய கதையைச் சொல்லி இன்றும் சிரிக்க வைக்கிறேன். மீதியை இப்போதுதான் சொல்கிறேன்.