கப்பலக்காவின் கடைசி யோசனை

திருப்பதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் யாருக்காவது அந்தமானுக்குக் கப்பலில் போய்வர ஆசை வந்துவிட்டால், லீவு லெட்டர் எழுதுவதற்கு முன்னால் லோயிஸைத் தேடி வருவார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றிவர சர்க்காரே டிக்கெட் செலவு கொடுக்கும் எல்.டி.சி. என்ற சலுகை அவர்களுக்கு இருந்தது. எல்லாரும் அதை வைத்துக்கொண்டு டில்லிக்கும் காசிக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில் லோயிஸ் கப்பல் ஏறினாள். அதனால் எண்பதுகளில் அவளுக்குக் கப்பலக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. கடலே இல்லாத ஊரில் இப்படி ஒரு பெயரோடு உட்கார்ந்திருக்கத் தைரியம் வேண்டும். அது அவளிடம் தாராளமாக இருந்தது.

காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும். ஒரு கை பிளக்கைச் செருகிக்கொண்டிருக்கும். வாய் மட்டும் கப்பலில் இருக்கும்.

"இரும்புப் பெட்டி எடுத்துக்கினு போவாதீங்க. கப்பல் ஆடுச்சின்னா அது ரூமுக்குள்ள நடந்துக்கினு வந்து நம்ம காலை மிதிக்கும். ஹலோ மதனபள்ளி, லைன்லோ உண்டண்டி, லைன்லயே இருங்க... முன்பக்கம் ரூம் குடுத்தா வேணாம்னுடுங்க. நடுவுல கேளுங்க, அங்கதான் ஆட்டம் கம்மி. காலி வயித்தோட ஏறாதீங்க. பொரி, எலுமிச்சங்கா ஊறுகா, ரெண்டும் போதும். வயிறு புரட்டுச்சின்னா ரூமுக்குள்ள குந்தாதீங்க. மேல போயி தூரமா கடலும் வானமும் சேர்ற எடத்தைப் பாருங்க. ஹலோ, மதனபள்ளி ரிங் ஆவுது சார், பேசுங்க."

"மொதோ நாளே கப்பல் புடிக்காம போச்சுன்னா, அக்கா?" என்று பக்கத்து நாற்காலி சுந்தரி கேட்பாள். புதிதாகக் கல்யாணமானவள்.

"மொதோ நாளு எந்தக் கப்பலும் நல்லா இருக்காதும்மா. மூணாம் நாளுதான் நமக்கும் அதுக்கும் பழக்கம் ஆவும். அன்னிக்கிப் பாத்து எறக்கி வுட்ருவாங்க. அதான் அதுல இருக்கிற அநியாயம்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கேட்பவர் முகத்தைப் பார்த்து, சிலரிடம் மட்டும் ஒரு கடைசி யோசனை சொல்வாள். "வூட்ல யாரு கூடயாவது பேச்சுவார்த்தை இல்லாம இருந்தா, அவங்களையும் கூட்டிக்கினு போங்க. ஆனா ஏணியைத் தூக்கினப்புறம்தான் ரூமுக்குள்ள போவணும். அதுக்கு முன்னாடி போனீங்க, கெட்டீங்க."

இத்தனை யோசனை சொல்கிறவள் கப்பலில் போய் வந்தது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கதை சித்தூரில் நடந்தது.

திருப்பதிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் லோயிஸ் சித்தூர் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் தனராஜ் மிஷன் பள்ளியில் வாத்தியார். மிஷன் கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துகிறவரும் அவர்தான். தனராஜின் தம்பி எர்னஸ்ட் ரேணிகுண்டாவில் ரயில்வே தபால் பிரிக்கிற வேலையில் இருந்தார். எர்னஸ்டின் மனைவி தபீதாள், லோயிஸின் சொந்தத் தங்கை. அக்காவும் தங்கையும் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒட்டிய வீடுகளில் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வழியாகக் குழம்பு போகும், ரசம் வரும், பிள்ளைகள் எந்த வீட்டில் பசித்ததோ அந்த வீட்டில் தின்பார்கள்.

சபைக் கமிட்டித் தேர்தல் வந்தது. எர்னஸ்ட் பொருளாளர் பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் இயேசுதாசன், கூட்டுறவு பாங்கில் கணக்கர். எர்னஸ்ட் ஒரே ஓட்டில் தோற்றார். தோற்றவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் பிரச்சனையே இல்லை. கோயிலுக்குள்ளேயே அண்ணனைப் பார்த்து, "நீ என்க்குத்தானே போட்டே?" என்று கேட்டார். தனராஜ் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இது பெரிய குணம்தான், ஆனால் குடும்பம் நடத்த உதவாது. "இல்லடா, இயேசுதாசனுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டார், எல்லார் காதிலும் விழும்படி.

அன்று சாயங்காலமே எர்னஸ்ட் சுவர்க் கதவின் குறுக்கே இரண்டு கட்டையை வைத்து ஆணி அடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தமிழ் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டு, காலையில் அதே கோயிலில் நடக்கும் தெலுங்கு ஆராதனைக்குப் போக ஆரம்பித்தார். தெலுங்கு பேச வருமே தவிர, படிக்க ஒரு எழுத்து தெரியாது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு வீம்புக்கு வாயை அசைத்துக்கொண்டு நின்றார். தபீதாளும் கூடப் போக வேண்டியதாயிற்று. தனராஜோ, "அவன் வந்து பேசட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆண்கள் இருவரும் கோபத்தைச் சுகமாக அனுபவித்தார்கள். லோயிஸுக்குத்தான் ஒரு பக்கம் பிய்த்துப் போட்ட மாதிரி இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த தங்கையோடு அவள் டெலிபோனில் பேசினாள். தபீதாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வார்டில் ஒரு போன் உண்டு. எக்ஸ்சேஞ்சில் கூட்டம் ஓய்ந்த மத்தியானங்களில் லோயிஸ் அந்த எண்ணைப் போடுவாள். "இன்னா கொழம்பு வெச்சே?" என்று கேட்பாள். சூபர்வைசர் கிருஷ்ணப்பா அந்தப் பக்கமாக நடந்து வந்து, "ஏமம்மா, ஆஸ்பத்திரி கேசு இன்னிக்கும் சீரியசா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். நல்ல மனுஷன்.

ஒரு மழைக்காலத்தில் தபீதாளுக்குக் காய்ச்சல் வந்தது. வார்டுக்குப் போகவில்லை, அதனால் போனும் இல்லை. லோயிஸ் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தங்கை இருமுவதைக் கேட்டாள். கையில் கஞ்சி இருந்தது. கதவில் ஆணி இருந்தது. தெரு வழியாகச் சுற்றிப் போகலாம்தான்; போனால் எர்னஸ்ட் அவளை ஒன்றும் சொல்லமாட்டார், தபீதாளைத்தான் சொல்வார். கஞ்சி ஆறிப்போனது. இனி இதைப் பொறுப்பதில்லை என்று லோயிஸ் முடிவு செய்தது அன்றுதான்.

எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த உமாபதி அந்த வருஷம் அந்தமானுக்குப் போய்வந்து, கப்பலை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தான். "ஒரே ரூமு, நாலு படுக்கை, யாருன்னே தெரியாதவங்க. சண்டை போட்டுக்கினு எங்க போறது? சுத்திலும் தண்ணி!" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். லோயிஸ் சிரிக்கவில்லை. அவள் பிளக்கைத் தப்பான துளையில் செருகிவிட்டாள், அவ்வளவு யோசனை.

அடுத்த மத்தியானம் அக்காவும் தங்கையும் டெலிபோனில் எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். லோயிஸ் தன் எல்.டி.சி.க்கு எழுதிக் கொடுத்தாள். தபீதாள் புருஷனை நச்சரித்து அவரையும் எழுத வைத்தாள். உமாபதியின் மைத்துனன் மதராஸ் துறைமுகத்தில் இருந்ததால் நாலு படுக்கையும் ஒரே அறையில் கிடைத்தன. பிள்ளைகளைத் தாய்மாமன் வீட்டில் விட்டார்கள். "கூட வர்றவங்க நாயுடுபேட்டைக்காரங்களாம், புருஷனும் பொண்டாட்டியும், ரொம்ப சாதுவாம்" என்று தபீதாள் எர்னஸ்டிடம் சொன்னாள். லோயிஸும் தனராஜிடம் அதே நாயுடுபேட்டைத் தம்பதியைத்தான் சொன்னாள். அவர் அவர்களுக்காக, மாம்பழச் சாற்றைக் காய வைத்துச் செய்யும் சித்தூர்த் தாண்டரா ஒரு பொட்டலம் வாங்கி வைத்தார்.

எர்னஸ்டும் தபீதாளும் முதல் பஸ்ஸில் போய் முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். லோயிஸ் தனராஜை மேல்தளத்திலேயே நிறுத்தி வைத்தாள். அந்தக் கிரேன் என்ன, இந்தக் கயிறு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வாத்தியாருக்குக் கேள்வி கேட்டால் போதும், நகரமாட்டார். சங்கு ஊதியது. ஏணியைத் தூக்கினார்கள். கரை மெதுவாக விலகியது.

"சரி, ரூமுக்குப் போலாமா?" என்றாள் லோயிஸ்.

கதவைத் திறந்தால், கீழ்ப்படுக்கையில் எர்னஸ்ட் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் கையில் தாண்டராப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். தம்பி ஒரு கால் ஷூவோடு எழுந்தார். "நாயுடுபேட்டைக்காரங்க எங்கே?" என்றார், தபீதாளைப் பார்த்து. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

எர்னஸ்ட் அந்த ஒற்றை ஷூவோடேயே மேலே ஓடினார். இறங்கிப் போய்விடுகிறேன் என்று கப்பல்காரன் ஒருவனிடம் சொன்னார். அந்த ஆள் நிதானமாகக் கடலைக் கையால் காட்டினான். வேறு அறையும் இல்லை. திரும்பி வந்து மேல்படுக்கையில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தனராஜ் எதிர் மேல்படுக்கையில் ஏறி மற்றச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

லோயிஸ் போட்ட கணக்கு இதுதான்: கடலில் ஆண்கள் இரண்டு பேருக்கும் தலைசுற்றும், சுருண்டு விழுவார்கள், ஒருவர் தலையை ஒருவர் பிடிப்பார்கள், கோபம் தானாகக் கரையும். பொரி, எலுமிச்சை, பக்கெட் எல்லாம் அவர்களுக்காகவே எடுத்து வந்திருந்தாள். கடலோ வேறு கணக்குப் போட்டது. மறுநாள் காலையில் அண்ணனும் தம்பியும் கல்லுக்குண்டுகளைப் போல எழுந்து உட்கார்ந்தார்கள். லோயிஸுக்கும் தபீதாளுக்கும்தான் கண்ணைத் திறந்தால் அறை சுற்றியது. தூரத்தைப் பார்க்க மேலே போக வேண்டும் என்று தெரியும்; எழுந்தால்தானே போக!

தபீதாள் ஒரு சத்தம் போட்டாள். தனராஜ் பதறிப்போய்த் தம்பியைப் பார்த்து, "பக்கெட்டு!" என்றார்.

தேர்தலுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். எர்னஸ்ட் பக்கெட்டை நீட்டினார். அதற்குள் லோயிஸுக்கு வந்துவிட்டது. "இந்தப் பக்கம்ண்ணா!" என்றார் எர்னஸ்ட். அதற்கு மேல் வீம்பு பிடிக்க நேரமில்லை. ஒருவர் எலுமிச்சை பிழிந்தார், ஒருவர் வென்னீர் கேட்டு ஓடினார். பெண்களுக்கு ஒரு வாய் பொரி ஊட்டிவிட்டு, இருவரும் சேர்ந்தே போய்ச் சாப்பிட்டு வந்தார்கள்.

மத்தியானம் லோயிஸ் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கவில்லை. ஆண்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து தாண்டராவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏண்ணா என்க்குப் போடல?" என்றார் எர்னஸ்ட்.

"உன்க்குக் கணக்கு வராதுடா. நாளைக்கு ஒருத்தன் வந்து காணிக்கைல கொறையுதும்பான், உன்னைக் கூண்டுல நிறுத்துவான். என்னால அதைப் பாத்துக்கினு இருக்க முடியாது."

"போடாததுகூடப் போவட்டும். ஏன் அதைச் சொன்னே? போட்டேன்னு ஒரு பொய் சொன்னா இன்னா கொறைஞ்சிருக்கும்?"

"கோயிலுக்குள்ள நின்னுக்கினு எப்படிடா பொய் சொல்றது?"

எர்னஸ்ட் இன்னொரு துண்டு தாண்டராவைப் பிய்த்தார். "வெளிய வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

தனராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எர்னஸ்டும் சிரித்தார். சிரித்து முடித்ததும் தனராஜ், "நீ இல்லாம பாட்டு நொண்டிக்கினு இருக்குதுடா. அடிக்குரல்ல பாட ஆளே இல்ல" என்றார். எர்னஸ்ட் மூக்கைச் சிந்தினார். லோயிஸுக்குக் கண்ணோரம் நனைந்து தலையணையில் இறங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் தபீதாளும் தூங்காமல்தான் கிடந்தாள். கையை நீட்டி அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எர்னஸ்ட் ரயில்வே தபால் பிரிக்கிறவர். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. "சரிண்ணா, நாம ரெண்டு பேரும் எப்படி ஒரே ரூமுக்கு வந்தோம்?" என்றார். "என்க்கு நாயுடுபேட்டைக்காரங்கன்னு சொன்னாங்க."

தனராஜ் மெல்லுவதை நிறுத்தினார். "என்க்கும்."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு படுக்கையையும் பார்த்தார்கள். லோயிஸ் குறட்டை விட்டுப் பார்த்தாள், பலிக்கவில்லை.

அன்றிலிருந்து இருவரும் ஒரே கட்சி. பொண்டாட்டிகளோடு பேசுவதில்லை என்று தீர்மானம். கப்பலில் பேசவில்லை. போர்ட் பிளேரில் பேசவில்லை. அங்கே அண்ணனும் தம்பியும் முன்னால் தோளில் கை போட்டு நடந்தார்கள், அடிக்கடி திரும்பி முறைத்தார்கள். பின்னால் அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு, தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு, பேசித் தீராத பேச்சையெல்லாம் பேசினார்கள். இவ்வளவு நல்ல தண்டனையை எந்தப் பெண்ணும் அனுபவித்திருக்கமாட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையிலும் லோயிஸுக்குத் தரை ஆடிக்கொண்டிருந்தது. இது நாலு நாள் இருக்கும், பயப்படக் கூடாது. இதையும் பிற்பாடு எல்லாருக்கும் சொல்வாள். அவள் படுத்திருந்தபோது சுவர்ப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. எர்னஸ்ட் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "அண்ணா, பேப்பரு படிச்சிட்டியா? அதுக்குத்தான் தொறக்கறேன், வேற யாருக்கும் இல்ல" என்று, வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஆமா, இவங்க ரெண்டு பேரு கிட்டயும் நாம பேசறது இல்லதானே?" என்றார் தனராஜ்.

"இல்லவே இல்லண்ணா."

கதவு கிரீச்சென்று திறந்தது. பேப்பர் அந்தப் பக்கம் போவதற்குள் தபீதாள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கையில் ஒரு டம்ளர் கஞ்சி. ஆவி பறந்தது. லோயிஸ் எழுந்து உட்கார்ந்து வாங்கி ஒரு வாய் குடித்தாள். உப்பு குறைவாக இருந்தது. அதைச் சொல்ல டெலிபோன் வேண்டியிருக்கவில்லை.