பதினோரு சிவப்பு அம்புகள்

"எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். கேட்பது சாம்பாரைப் பற்றியும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் மகன் பாடிப் பதிவு செய்த பாட்டைப் பற்றியும் இருக்கலாம். மனைவி கரண்டியை நீட்டும்போது நான் ஒரு வினாடி தாமதிப்பேன். உப்பைப் பற்றி யோசிக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது வாசல் எந்தப் பக்கம் என்று. இத்தனைக்கும் காரணம் நீளமாக முடி வளர்த்த ஐந்து மலாய்க்காரர்களும், அவர்கள் பதினைந்து வருடம் கத்திப் பாடியதிலிருந்து முப்பது பாட்டைத் தேர்ந்தெடுத்து வெளியிட்ட இரண்டு கேசட்டுகளும்தான்.

அந்த ராக் குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். சண்டை போடும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

நாங்கள் அப்போது ரெங்கத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தோம். நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். குளுவாங்கில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. சர்க்கியூட் போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, எங்கே ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று பார்க்க வேண்டும். குறை தெரிந்த இடத்தில் உளுத்தம்பருப்பு அளவிலான ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாளா? அம்மாவின் ரசத்துக்கு வாயால் அம்பு விடுவாள். என் கணக்கு நோட்டில் நிஜ அம்பையே ஒட்டியிருக்கிறாள். வாத்தியார் அதை ஒரு புது மாதிரிப் பரிசு என்று நினைத்து என்னைப் பாராட்டினார்.

அவள் குறை சொல்லாத ஒரே விஷயம் அந்தக் குழு. அவர்களுடைய ஏழு கேசட்டுகளும் அலமாரியில் வரிசையாக இருந்தன, எல்லாம் அசல். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் நகலை விரலால்கூடத் தொட மாட்டாள்.

சித்திக்கு இருபத்தெட்டு வயது. மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஒருவரை எதற்காக வேண்டாம் என்றாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த இடத்தில் அவர் தானாகவே எழுந்து போய் எங்கள் வீட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

நான்காவதாக வந்தவர் லாயாங் லாயாங்கைச் சேர்ந்தவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. சனிக்கிழமை ரயிலில் வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். கேசரி ஆறிக்கொண்டிருக்க, அவர் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் கேட்கலாம் என்று பெரியவர்கள் சொன்னதும், "இந்த ஏழுல எது நல்லாருக்கும்?" என்றார்.

"ரெண்டாவது" என்றாள் சித்தி.

"நானும் அதான் நெனச்சேன்."

முடிந்தது. சமையல் தெரியுமா என்று கேட்காத மாப்பிள்ளையை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது. ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது. இரண்டு வாரத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அன்று மாலையே எந்த மண்டபம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் ஸ்டேஷன் பக்கத்துத் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தேன். ரயிலிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து வரும் ரயில் முதலில் லாயாங் லாயாங்கில் நிற்கும், அதற்கு அடுத்ததுதான் ரெங்கம். பாவம், தூங்கிவிட்டார்போல என்று நினைத்தேன். அவர் கைதட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதப் பையைக் கொடுத்தார்.

"சித்திக்கிட்ட குடு தம்பி. கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லச் சொல்லு. அடுத்த சனிக்கிழமை இதே ரயில்ல வருவேன்."

எங்கள் வீட்டில் போன் இருந்தது. அவருக்கு வாய் இருந்தது. சித்திக்கும் இருந்தது, அது ஊரறிந்த விஷயம். ஆனால் நிச்சயம் ஆகாமல் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. ஆகவே மூன்றாவதாக ஒரு வாய் தேவைப்பட்டது. பந்து பட்டு முன்பல் ஒன்று போயிருந்த என் வாய்தான் கிடைத்தது.

பைக்குள் இருந்தது அந்த இரட்டைக் கேசட். மேல் அட்டையில் குழுவின் பழைய படம். சித்தி அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "என்கிட்ட ஏழும் இருக்குன்னு கண்ணால பார்த்தாரு. அப்புறமும் இதை வாங்கிட்டு வந்திருக்காரு" என்றாள். பிறகு வேலை முடிந்து வந்து தினமும் அதையே போட்டாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு சத்தம் கேட்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நிறுத்துவாள், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஸ்டிக்கர் தாளை எடுப்பாள், அட்டையில் ஓர் அம்பை ஒட்டுவாள். என்னைக் கூப்பிட்டு அந்த அம்புக்கு விளக்கம் சொல்வாள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யார் கையிலாவது அது சாட்சியாகிவிடும். அதனால் நான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

"முப்பதுல பத்தொன்பது ஜீவாங் பாட்டு. இது ராக் குழுவா, எழவு வீடான்னு கேளு." மனம் உருகி மூக்கைச் சிந்த வைக்கும் காதல் பாட்டுகளுக்குத்தான் எங்கள் பக்கம் ஜீவாங் என்று பெயர்.

"ஏழு நிமிஷப் பாட்ட நாலு நிமிஷமா வெட்டிட்டாங்க. கித்தார் பேசிக்கிட்டு இருக்கும்போதே போனை வச்சுட்டாங்கன்னு சொல்லு."

"மொதல் கேசட்ல இருந்து ஒரே ஒரு பாட்டு. அதுலயும் பழைய டிரம்மர் அடிச்சத அழிச்சிட்டு புது ஆள வச்சு அடிச்சிருக்காங்க. பழையவரு கோவமா அடிப்பாரு. இவரு பாய் தட்டுறாரு."

கடைசி இரண்டும் புதுப் பாட்டு. பாயாசம் குடித்து முடித்தவன் இலையில் மறுபடியும் சோறு வைக்கிற மாதிரி என்று சொல்ல வேண்டும். அட்டைப் படத்துக்கும் ஓர் அம்பு உண்டு. குழுவை விட்டுப் போன ஒருவரைப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். ஆனால் அவருடைய கை மட்டும் பாடகரின் தோளிலேயே தங்கிவிட்டது. "ஒடம்பு இல்லாம அநாதையா ஒரு கை கெடக்கு பாரு. இதுக்குச் சம்பளம் யாரு வாங்குறான்னு கேளு."

இரண்டாவது கேசட்டிலிருந்து எடுத்த ஒரு பாட்டுக்கு மட்டும் அம்பு இல்லை. அதைப் போட்டுவிட்டு ஸ்டிக்கர் தாளைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். நான் குறைக்காகக் காத்திருப்பேன். "இதுக்கு ஒன்னும் இல்ல, போ" என்பாள்.

பதினோராவது அம்பு தொகுப்பின் பெயர் மேலேயே விழுந்தது. "இது அந்தக் குழுவத் தெரியாதவங்களுக்காகப் போட்டது. தெரியாம வாங்கினாரா, இல்ல எனக்குத் தெரியுதான்னு பார்க்க வாங்கினாரா? அதக் கேளு. அத மட்டும் மறந்துறாத."

வெள்ளிக்கிழமை நான் குளியலறையில் நின்று பதினொன்றையும் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் அம்மா நிற்கிறாள். எழவு வீடு என்பது அவள் காதில் விழுந்திருந்தது.

"என்னாடா இது?"

"சித்தி சொல்லச் சொன்னாங்க. அந்த அங்கிள்கிட்ட."

அம்மா என் காதைப் பிடித்தாள். திருகவில்லை, பிடித்துக்கொண்டு பேசினாள். அது இன்னும் மோசம். "இங்க பாரு. இது நாலாவது மாப்பிள்ள. இதுவும் போச்சுன்னா உங்க சித்தி இந்த வீட்லயே கெழவியாவா. நீதான் காலம் முழுக்கக் கஞ்சி ஊத்தணும். நல்லாருக்குன்னு சொல்லு. ஒரு வார்த்த. அதுக்கு மேல வாயத் தொறந்தே, பாரு."

கஞ்சிதான் என்னை வீழ்த்தியது. எனக்கு நாற்பது வயது, கையில் கிண்ணம், கட்டிலில் சித்தி, கஞ்சியின் மேல் மிதக்கும் ஒரு சிவப்பு அம்பு. இந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை ரயில் ஐந்தரைக்கு. நான் நான்கு மணிக்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அட்டையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு விளக்கத்தைச் சொல்ல வேண்டும் என்பது சித்தியின் உத்தரவு. அம்பு விழுந்த போர்டு ரிப்பேர் மேசைக்குப் போகும், தேறவே தேறாத போர்டுக்கு அம்பை வீணாக்காமல் நேராகக் குப்பையில் போடுவார்கள் என்பதெல்லாம் பல வருடம் கழித்து நானே அந்த மாதிரி ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது கற்றுக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சிவப்பு. சிவப்பு என்றால் தோல்வி. பதினொரு தோல்வியோடு எந்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு வருவார்?

நகத்தால் உரிக்க ஆரம்பித்தேன். பத்து அம்புகள் சமர்த்தாக வந்தன. கடைசியாக உரித்த அம்பு பாடகரின் மூக்கு நுனியையும் கூட்டிக்கொண்டு வந்தது. அலமாக், செத்தேன். எல்லா அம்புகளையும் பெஞ்சுக்கு அடியில் ஒட்டினேன்.

அவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். முடி வெட்டியிருந்தார். புதுச் சட்டை.

"சித்தி கேட்டாங்களா?"

"கேட்டாங்க அங்கிள்."

"எப்படி இருக்காம்?"

"நல்லாருக்காம்."

ஒரு வார்த்தை. அம்மா சொன்னது அதைத்தான். அங்கேயே ஓடியிருக்கலாம். ஆனால் அவர் இன்னும் ஏதோ வரும் என்று குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அந்தப் பெரிய பாட்ட வெட்டிட்டானுங்களே. அதப் பத்தி ஒன்னும் சொல்லலயா?"

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்குத் திறந்துகொள்ளும். இந்த வியாதி இன்னும் தீரவில்லை. "வெட்டுனதுதான் நல்லாருக்காம். முன்னாடி ரொம்ப நீளமாம்."

"கடைசி ரெண்டு பாட்டு?"

"அதுதான் ரொம்பப் புடிச்சிருக்காம். தெனமும் அதையே போடுறாங்க."

"டிரம்ஸ்?"

"புது ஆளு சூப்பராம்."

நான் அட்டையை நீட்டினேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பினார், உள்ளே விரித்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதையோ தொலைத்தவர் மாதிரி தேடினார். "இந்தத் தோள் மேல ஒரு கை இருக்கே. அத சித்தி கவனிக்கலயா?"

"கவனிச்சாங்க. அழகான கையாம்."

"மூக்குல என்னா?"

"கரப்பான் பூச்சி கடிச்சிருச்சு."

அவர் நிமிர்ந்தார். நான் இத்தனை பாராட்டையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறேன். மனிதர் துள்ளிக் குதிக்க வேண்டாமா? "ஓ" என்றார். தண்டவாளத்தின் பக்கம் திரும்பினார். "சரி லா தம்பி" என்றார். அட்டையை மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு ஐஸ் போட்ட சிராப் தண்ணீர் ஒரு பை வாங்கிக் கொடுத்துவிட்டு, லாயாங் லாயாங் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே, "சொன்னியா?" என்றாள். "சொன்னேன்" என்றேன். கொல்லைப்புறத்தில் சித்தி அதையே கேட்டாள். அவளுக்கும் "சொன்னேன்" என்றேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஒரு கல்யாணத்தையே முடித்துவைத்த களைப்பில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த உறவுக்காரர் வந்தார். கோப்பியைக் குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகு, "பையன் இப்ப வேணாங்கிறான். பொண்ணு மேல ஒரு குறையும் இல்லயாம். ஒத்து வராதுன்னு தோணுதாம்" என்றார்.

அவர் படி இறங்கியதும் அம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள். "அந்த மாப்பிள்ளகிட்ட என்னாடி சொல்லித் தொலச்ச?"

"கேசட்டத்தான் சொன்னேன் அக்கா. அவரையா சொன்னேன்?"

"கேசட்டச் சொன்னா என்னா, ஆளச் சொன்னா என்னா? வாங்கிட்டு வந்தது அந்த ஆளுதானே?"

"இதக்கூடத் தாங்க முடியாதவரா?" என்றாள் சித்தி.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் சப்பாத்திக் கட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த ஆள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எல்லாமே நல்லாருக்கு என்று சொன்னதற்கா ஒருவர் கோபித்துக்கொள்வார்? இவருக்காக நான் ஒரு பாடகரின் மூக்கையே பலி கொடுத்திருக்கிறேன். குறை சொன்னாலும் போகிறார்கள், புகழ்ந்தாலும் போகிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சித்திக்கு இரண்டு வருடம் கழித்துப் பாசிர் கூடாங்கில் ஒருவரோடு கல்யாணம் ஆனது. நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் நல்லாருக்கு என்பார். அது பிறகு நடந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், பதினொன்னையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"நான் சொன்ன மாதிரியேவா?"

"அப்படியே சொன்னேன் சித்தி."

துணிக் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு சட்டையை மடித்தாள். அதைத் திரும்பவும் உதறி மறுபடி மடித்தாள். கிளிப்பை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"சிரிச்சாரா?"

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். "இல்ல சித்தி" என்றேன்.

அந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். குறை சொன்னால் ஒருவர் எதற்காகச் சிரிக்க வேண்டும்? இந்தப் பெரியவர்களுக்கு ஒரு கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு, பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன்.