கதவு திறந்தே இருக்கட்டும்

முதல் அறிகுறி அழுகை அல்ல. குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். என் கை நழுவி அவள் தண்ணீருக்குள் போய்விட்டதைப் போல ஒரு காட்சி கண்முன் வந்து போனது. கை நழுவவில்லை. ஆனால் மறுநாளும் அது வந்தது.

அதன் பெயர் எனக்குத் தெரியும். ஊடுருவும் எண்ணம் (விரும்பாமலே வந்து வதைக்கும் நினைப்பு, அப்படிச் செய்யப்போகிறோம் என்று பொருளல்ல). பேறுகால மனச்சோர்வில் (பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில் நீளும் துயரம்) இது சகஜம். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாய்மாரிடம் இதைத்தான் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். மனதில் இருப்பதை வெளியே சொல்லிவிடுங்கள் என்று அவர்களுக்கு வாய் வலிக்கச் சொன்னவள் நான்.

ஆகவே நானும் சொன்னேன். பெரம்பலூரில் ஒரு மருத்துவரிடம், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

மருத்துவர் சிரித்தார். "படிச்சதெல்லாம் தனக்கே இருக்கற மாதிரி தோணும்மா. கொஞ்ச நாள் புத்தகத்த மூடி வைங்க."

"அதான் சார் நானும் சொல்றேன். தீசிஸ ஒப்பிக்கறா" என்றார் கணவர்.

என் நோய் பொய்யென்று முடிவாயிற்று. அந்தக் காட்சியை மட்டும் நம்பிவிட்டார்கள். அன்று மாலையே கணவர் அதைத் தன் அம்மாவிடம், என் அத்தையிடம், சொல்லிவிட்டார்.

குழந்தை அத்தையின் அறைக்குப் போனாள். பால் கொடுக்க மட்டும் என்னிடம் வருவாள். அத்தை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கதவைச் சாத்தப் போனால், "தொறந்தே இருக்கட்டும்மா, காத்து வரட்டும்" என்பார். அத்தை கெட்டவர் இல்லை, பேத்தி மேல் உயிர். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பால் சுரக்கவில்லை. புட்டி வந்தது. பிறகு என்னிடம் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

"இந்திக்காரங்க வூட்டுக்கெல்லாம் போனால்ல, அங்கேருந்து எதையோ ஒட்டிக்கிட்டு வந்துட்டா" என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். எனக்குக் கேட்கும்படிதான் பேசினார்கள்.

சோறு இறங்காமல் போன பிறகு அரியலூரில் வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். அந்த அம்மா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, நான் அந்தக் காட்சியைச் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"செய்யணும்னு தோணுதா, செஞ்சிருவோமோன்னு பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு மேடம்."

"இது வியாதிம்மா. மாத்திரைக்குக் கேக்கும்."

கேட்டது. தூக்கம் வந்தது, காட்சி நின்றது. ஒருநாள் மருத்துவர் மாத்திரையையும் நிறுத்தினார். வீட்டில் அத்தையின் நாற்காலி மட்டும் நகரவில்லை, நான் மகளைத் தூக்கினால் எதிரே அவர் இருப்பார்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படியொரு காட்சி வந்தால் மறைக்காதீர்கள். ஆனால் யாரை அறையில் வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள் என்று பாருங்கள்.

மகள் நடக்கப் பழகிய பிறகு மறுபடி ரெட்டிபாளையம் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் லாரி வந்தது. நான் பேசிக்கொண்டிருந்த தாய் சுனிதா தன் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்களை யாரும் கவனிக்கவில்லை. குழந்தை என் விரலைப் பிடித்துச் சப்பியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை பையை எடுத்துக்கொண்டார். "நீ பாத்துக்கம்மா, கடைக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளும் ஏங்கிக் கிடந்தேன். அவர் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போனேன். மகள் பக்கத்தில் படுக்கவில்லை. கதவை அகலத் திறந்து வைத்தேன். அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொண்டு, அவர் வரும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.