ஏழு கல் வளைவு

ரிங்லெட்டிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் மலைச் சாலையில் ஒரு பெரிய வளைவு உண்டு. இன்றைக்கும் சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்தி, அங்கே நிற்கும் சரித்திரப் பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பலகையை முதன்முதலில் சத்தமாகப் படித்துக் காட்டிய மகாராணி நான்தான்.

அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தேன். அந்த வளைவில் சுண்ணாம்பு பூசிய ஏழு கற்கள் இருந்தன. முன்னொரு காலத்தில் அந்தச் சாலையை வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போன ஏழு பேருக்காக எங்கள் ஆட்கள் நட்டவை. அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு முதல் நாள் ஏழு வெற்றிலை, ஏழு சுருட்டு, ஏழு குவளை பாலில்லாத தேநீர் கொண்டுபோய் வைப்போம். கொழுந்து லோரி ஓட்டிய அப்பா, அங்கே வந்தால் ஒரு தடவை ஹாரன் அடிக்காமல் போனதே இல்லை.

அந்த இடத்தில் சரித்திரப் பலகை வரப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் ஜனத்துக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே செத்தது அந்த ஏழு பேர்தானே, வேறு யாருக்குப் பலகை வைப்பார்கள்? ஒருத்தராவது ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டுமே, இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு மண்வெட்டியோடு போய்ப் புல்லைச் செதுக்கினார்கள். கற்கள் இடைஞ்சலாக இருக்கின்றன என்று பலகை நட வந்த வேலையாட்கள் சொன்னபோது, அப்பாவே ஏழையும் பெயர்த்துக் கொடுத்து, பலகைக்கு அடியில் சிமெண்டுக்குள் வைக்கச் சொன்னார். அவர்கள் பலகையை அவர்களே தாங்கட்டும் என்று அவருக்குப் பெருமை வேறு.

திறப்பு விழாவன்று துணியை விலக்கினார்கள். மலாயும் ஆங்கிலமும்தான் இருந்தன. தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அப்பா என்னை முன்னால் தள்ளிவிட்டார். நான் மலாயில் கணீரென்று படித்து, வரிக்கு வரி தமிழிலும் சொன்னேன். இந்த மலையைத் திறந்தவர் தோட்டத்தின் முதல் வெள்ளைக்காரத் துரை. இயற்கை அழகு கெடக்கூடாது என்று சாலையை இங்கே வளைத்துக் கொண்டுபோனவரும் துரை. மாலையில் தம் நாயோடு இங்கே உலாவுவாராம். நாயின் பெயர்கூட எழுதியிருந்தது. தோட்ட மேனேஜர் கைதட்டினார்.

அப்பா குனிந்து கேட்டார்: “நம்ம ஏழு பேரு எங்கம்மா இருக்கு?”

“அவங்க இல்லப்பா. நாய்தான் இருக்கு.”

அப்பா நேரே மேனேஜரிடம் போய், கற்களையாவது திருப்பித் தரச் சொன்னார். சிமெண்டு இறுகிவிட்டது, பலகையை உடைக்கவா முடியும் என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்! அப்பா திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாமளேதானம்மா தூக்கிக் குடுத்தோம்” என்றார்.

மறுநாள் காலை அவருடைய லோரியில்தான் பள்ளிக்குப் போனேன். வளைவில் அப்பா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. திரும்பி முடியும்வரை அது அலறியது.

“கல்லுதான் இல்லையேப்பா, யாருக்கு அடிக்கிறீங்க?” என்று கேட்டேன். பழக்கதோஷம் என்று நினைத்து நான் சிரித்தேன்.

அந்த ஏழு பேரையும் யாரும் தோண்டி எடுக்கவே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. சரிந்த மண்ணை அவர்கள்மேல் அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சாலையை வெட்டியிருக்கிறார்கள். அழகுக்காக வளைத்தார் என்று நான் கணீரென்று படித்தேனே, அந்த வளைவு அதுதான்.