இரண்டு நாள் சூடு

இங்கே எல்லோரும் வண்டிக்குள் ஏறியதும் மேலங்கியைக் கழற்றுவார்கள். நான் ஏறுவதற்கு முன் இன்னொன்றைப் போடுகிறேன். இந்தக் குளிர் நாட்டில், எசன் நகர எல்லையில், காட்டை ஒட்டிய இடுகாட்டில் எனக்கு வேலை. மண்ணும் சருகும் ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதைகளில் ஏறி இறங்கும் சின்ன வண்டி ஒன்றை ஓட்டுகிறேன். ஹீட்டர் ஊதும், சூடு வராது. மார்கழியில் ஒருநாள் வலக்கையின் இரண்டு விரல்கள் வெளுத்து விறைத்துப்போயின. கையைச் சூடாக வைத்திருக்க முடியாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடு என்றார் டாக்டர். ஐம்பத்தெட்டு வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

நானே திருத்த இறங்கினேன். யுத்தகாலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். அங்கே யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. வண்டிக்கு அடியில் குளிரில் கிடந்த சுடுநீர்க் குழாய்களுக்கு ஸ்பொஞ்ச் சுற்றினேன். என்ஜின் சூடேற, ரேடியேட்டரில் பாதியைக் காட்போட் மட்டையால் மறைத்தேன். கதவு இடுக்குகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டினேன். கடைசியாக ஸ்டியரிங்குக்குக் கீழே இன்னொரு விசிறி பூட்டி வயர் இழுத்தேன். சூடு வந்தது. விரல்களில் இரத்தம் ஓடுவது தெரிந்தது.

"இனி வேலை போகாதுதானே?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம், போகாது."

அடுத்த நாள் மேற்பார்வையாளர் வந்து, குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தார். "டஸ் பிளைப்ட் நிஷ்ட் ஸோ" என்றார். அதாவது, இது இப்படியே இருக்காது. ஒழுங்கான ஹீட்டர் ஒன்று பூட்டித் தரப்போகிறார் என்று விளங்கிக்கொண்டு, "டாங்க" என்று நன்றி சொல்லிக் கைகொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை வண்டியில் எதுவும் இல்லை. ரப்பர் பட்டியைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார்கள். வயர் தீப்பிடித்தால் காப்புறுதி கிடையாது, ஹீட்டர் வேண்டுமென்றால் ஆன்ட்ராக், விண்ணப்பம், எழுதிக் கொடு என்றார் மேற்பார்வையாளர். எழுதிக் கொடுத்தேன். ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது: வண்டி பழையது, இனி அதற்குச் செலவழிப்பதில்லை. பழையவன் ஒருவன் அதை ஓட்டுவது பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

மாசியிலும் பனி விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வண்டிக்குள் இருந்தபோது ஊரிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். வெற்று உடம்பு, கையில் துவாய்.

"கரண்ட் இல்லை அண்ணை, வேர்த்துக் கொட்டுது. அங்க எப்பிடி?"

"நான் அங்க வந்து இருக்கட்டோ?" என்றேன்.

அவன் துவாயால் கழுத்தைத் துடைத்தான். "இஞ்ச என்ன இருக்கெண்டு வரப்போறியள்? அங்கயே இருங்கோ அண்ணை."

நான் விட்ட மூச்சு கைபேசியின் திரையிலும் கமெராவிலும் படிந்தது. வேர்த்திருந்த அவன் முகம் மறைந்துபோயிற்று. விரலால் துடைத்தேன், விறைத்த விரல் எங்கே படுகிறதென்று எனக்கே தெரியவில்லை. அந்த ஆவிப் புகாருக்கு அப்பாலிருந்து அவன், "அண்ணை, தெரியேல்லை, நிக்கிறியளோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.